வீழ்ச்சிக்கு உடுத்திய கதை

திருக்கோணமலை நகரிலிருந்து கோணேசர் கோயிலுக்குச் செல்வோர் முதலிற் காண்பது கோயிலையன்று, கோட்டையையே. 1803ஆம் ஆண்டு முதல் பிரெடெரிக் கோட்டை எனப் பெயர் பெற்ற அக்கோட்டையின் வாயிலில், கயற் சின்னமும் தமிழெழுத்துக்களும் பொறித்த கல்லொன்று பதிந்திருக்கிறது. குளக்கோட்டன் பெயரோடு மக்கள் இணைத்துப் பேசும் கல் அது. வாயிலைக் கடந்தால் மரநிழலிற் புள்ளிமான்கள் மேயும். வழி மெல்ல மேடேறும். பூமாலையும் அருச்சனைத் தட்டும் விளையாட்டுப் பொருளும் விற்கும் சிறு கடைகள் இருமருங்கும் வரும். தாயின் சேலைத் தலைப்பைப் பற்றியபடி ஏறுகின்ற குழந்தைக்கு, தான் ஏறுவது ஒரு பெரும் மலைமுகடு என்ற நினைவே தோன்றாது. கோயிலைச் சுற்றி விளிம்புக்கு வந்து தடுப்புச் சுவரின் மேலாக எட்டிப் பார்க்கும்போதுதான், நேர் கீழே நெடுந்தொலைவிற் கடல் பாறையில் மோதி வெண்ணிறமாய்ச் சிதறுவது தெரியும். வயிற்றில் ஏதோ கீழிறங்குவது போன்ற உணர்ச்சி அப்போது பெரியோருக்கும் உண்டாகும்.

அந்தக் கணத்தில் யாராவது ஒருவர் குழந்தைக்குக் கதை சொல்லத் தொடங்குவர். 'இதோ பார், இராவணன் வெட்டு!' என்பர். நோயுற்ற தாய் வழிபடுவதற்காக இச்சிவத்தலத்தையே மலையோடு பெயர்த்துச் செல்ல முயன்றான் இலங்கை வேந்தன் என்றும், அவன் வாளால் வெட்டிய வெட்டே பாறையை மேலிருந்து கீழ்வரை பிளந்து நிற்கும் இப்பிளவு என்றும் சொல்வர். சற்று முன்பு வெறும் அச்சமாக இருந்த பள்ளம் இப்போது ஒருவன் செய்த செயலாகிவிடுகிறது. குழந்தை தாயின் பின்னாலிருந்து முன்னால் வந்து மறுபடியும் எட்டிப் பார்க்கும். அச்சம் போய்விடவில்லை, அதற்கு ஒரு பெயரும் வடிவும் கிடைத்துவிட்டன.

இதே பாறைக்கு ஒல்லாந்தர் காலத்துக் கதை வேறொன்றும் உண்டு. அங்கு நிற்கும் பழைய தூண் ஒன்றிற் பிரான்சீனா வான் ரீட் என்ற பெண்ணின் பெயரும் 1687 என்ற ஆண்டும் பொறிக்கப்பட்டிருந்தன. தன்னைக் கைவிட்டுக் கப்பலேறிய காதலனைக் கண்டு அவள் இம்முகட்டிலிருந்து பாய்ந்தாள் என்று பிற்காலத்தார் கதை கட்டினர். ஆங்கிலேயர் இவ்விடத்துக்குக் 'காதலர் பாய்ச்சல்' எனப் பெயரிட்டதும் இக்கதை பற்றியே. ஆயின், அப்பெண் அதற்குப் பின்னரும் உயிர் வாழ்ந்து மணம் புரிந்தாள் என்று பழைய ஏடுகளை ஆராய்ந்தோர் காட்டியுள்ளனர். கதை பொய்யென்று தெரிந்த பின்னும் அது ஒழிந்தபாடில்லை. உயரமான பாறை தனக்கு ஒரு கதையைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் போலும்!

மலையுச்சியில் மக்கள் தாமாகச் செய்துகொண்ட இவ்வேலையையே, உலகெங்கும் களியாட்டப் பூங்காக்களை அமைப்போர் இன்று பெரும்பொருள் செலவிட்டுச் செய்து வருகின்றனர். ரோலர் கோஸ்டர் என வழங்கும் வண்டியை நேயர்களிற் பலர் படத்திலேனும் கண்டிருப்பர். சங்கிலியால் உயர்ந்த மேடு ஒன்றின் உச்சிக்கு இழுக்கப்பட்டு, அங்கிருந்து தண்டவாளத்தின் வழியே பாய்ந்து, மேடும் பள்ளமும் வளைவுமாக ஓடி, புறப்பட்ட இடத்துக்கே மீளும் வண்டி அது. உச்சியை அடைந்தபின் பெரும்பாலும் இயந்திரத்துக்கு வேலையில்லை. புவியின் ஈர்ப்பே அதனை ஓட்டுகிறது. ஓடுகையில் உராய்வினால் ஆற்றல் குறைந்துகொண்டே போவதால், முதல் மேட்டின் உயரத்தை வேறெந்த மேடும் எட்டமுடியாது. இவ்வளவே அதன் கணக்கு. திருக்கோணமலையில் இத்தகைய வண்டி இல்லை. எனினும், அதன் வரலாற்றை விளங்கிக்கொள்வதற்குத் திருக்கோணமலையார் பெற்றுள்ள வாய்ப்பு வேறு பலருக்கு இல்லை. அவ்வரலாறு இரும்பின் வரலாறாக இருப்பது பாதியே. மற்றப் பாதி, வீழ்ச்சிக்குக் கதை உடுத்திய வரலாறாகும்.

அது பனிநாட்டில் தொடங்குகிறது. 17ஆம் நூற்றாண்டிலேயே ருஷ்ய நாட்டார் குளிர்காலத்தில் மரத்தால் உயர்ந்த சாரங்கள் அமைத்து, சரிவின்மீது நீரை ஊற்றி உறையவிட்டு, உச்சியிலிருந்து சறுக்கி விளையாடினர். சாரங்களிற் சில 70, 80 அடி உயரம் வரை எழுந்தன. பின்புறத்துப் படிகளில் ஏறி, பனிக்கட்டியைக் குடைந்து வைக்கோல் பரப்பிய இருக்கையிலோ மரச் சறுக்குக் கட்டையிலோ அமர்ந்து கீழே பாய்வர். அதற்குக் கதையேதும் இல்லை. குளிரும் வேகமும் கூச்சலுமே உண்டு.

அதற்குக் கோலம் புனைந்தவள் பேரரசி இரண்டாம் கதரீன். சென் பீட்டர்ஸ்பேர்க் நகருக்கு அணித்தாகிய ஒரானியன்பாம் என்னுமிடத்தில், 1762க்கும் 1774க்கும் இடையில், இத்தாலியச் சிற்பியாகிய அந்தோனியோ ரினால்தி அவளுக்கென ஒரு சறுக்கு மலையை அமைத்தான். கோடையிலும் ஓடத்தக்கதாக வண்டிகளுக்குச் சில்லுகள் பூட்டப்பெற்றன. தூண்வரிசைகளுக்கு இடையே அலையலையாக இறங்கிய அம்மலையில் ஓடிய வண்டிகள் வெறும் பெட்டிகளாக இருக்கவில்லை. சில வெற்றித் தேர்கள். சில வெனிஸ் நகரத்துப் படகுகள். சில சேணமிட்ட விலங்குகள். சறுக்கு மலை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இடித்தகற்றப்பட்டது. நீலமும் வெண்மையுமான மாளிகை மட்டும் இன்றும் நிற்கிறது.

தேர், படகு, விலங்கு என்று வண்டிக்கு வடிவம் கொடுத்த அச்செயல் தமிழருக்குப் புதிதன்று. கோயில் திருவிழாவிலே இறைவன் வெறும் பலகைமீது எழுந்தருளுவதில்லை. ஒருநாள் இடபம், ஒருநாள் அன்னம், ஒருநாள் மயில் என வாகனந்தோறும் ஒரு பொருள் உண்டு. சிவன் கோயில்களிலே கைலாச வாகனம் புறப்படும் இரவில், இருபது கையும் பத்துத் தலையும் உடைய இராவணனே மலையைத் தாங்கி வருவான். மேலே அம்மையப்பர் வீற்றிருப்பர். தோள்களில் ஏறியிருந்து பார்க்கும் பிள்ளைகளுக்கு அன்றிரவு முழுவதும் இராவணன் நினைவே. ஊர்தியின் உருவம் ஊர்வோனின் கதையைச் சொல்லவேண்டும் என்ற நுட்பத்தை ரினால்திக்கு நெடுங்காலம் முன்னரே நம் தச்சர் அறிந்திருந்தனர்.

பின்னர் இவ்விளையாட்டுப் பாரிஸ் மாநகருக்குச் சென்றது. 1817இல் அங்கே இரண்டு சறுக்கு மலைகள் திறக்கப்பெற்றன. வண்டி பாதையை விட்டு விலகாதபடி சில்லுகளைப் பிணைக்கும் முறையும் அங்கேதான் வந்தது. பிரெஞ்சு மொழியிலும் இஸ்பானிய மொழியிலும் இன்றும் இதன் பெயர் 'ருஷ்ய மலை' என்பதே. வேடிக்கை யாதெனில், ருஷ்ய மொழியில் இதற்கு 'அமெரிக்க மலை' என்று பெயர்! ஒவ்வொரு நாட்டாரும் தம் அச்சத்தை அயல்நாட்டிலிருந்து வந்ததாகவே எண்ணுகின்றனர் போலும்.

அமெரிக்க மலை என்ற பெயரும் காரணமின்றி வரவில்லை. பென்சில்வேனியா மாநிலத்து மோக் சங்க் என்னும் ஊரிலே நிலக்கரியை மலையிலிருந்து ஆற்றங்கரைக்கு இறக்குவதற்கு 1827இல் ஒரு தண்டவாளம் இடப்பட்டது. கரிவண்டிகள் தம் பாரத்தாலேயே இறங்கின. வெற்று வண்டிகளை மேலே இழுத்துச் செல்லும் கோவேறு கழுதைகளும் கரிவண்டிகளோடு ஏறிக் கீழே வந்தன. அவற்றுக்கு அச்சவாரி பழகிவிடவே, பிறகு நடந்து இறங்க மறுத்தன என்பர். கரி செல்ல வேறு வழி ஏற்பட்ட பின்னர், 1870கள் முதல் அத்தண்டவாளம் மனிதர் பணங்கொடுத்து ஏறும் வேடிக்கைப் பாதையாயிற்று. 1933 வரை அது நடந்தது. உழைப்பின் பாதை ஒன்று விளையாட்டின் பாதையாக மாறிய இச்செய்தி பின்னர் மீண்டும் வரும்.

லமார்க்கஸ் தொம்சன் என்பவர் காலுறை நெய்யும் தொழிலிற் பொருளீட்டியவர். சமயப் பற்று மிக்கவர். ஏழை மக்கள் ஓய்வு நாளை மதுச்சாலைகளிலே கழிப்பது அவருக்கு மனவருத்தம் தந்தது. கணவன், மனைவி, மக்கள் அனைவரும் கூடியிருந்து மகிழத்தக்க, குற்றமற்ற பொழுதுபோக்கொன்றை அமைக்க விரும்பினார். 1884 ஜூன் மாதத்தில், நியூயோர்க் நகரின் கடற்கரையாகிய கோனித் தீவில் அவருடைய வண்டி ஓடிற்று. கட்டணம் 5 சதம். பாதையின் நீளம் 600 அடி. வேகம் மணிக்கு ஆறு மைல், அதாவது விரைந்து நடப்பவனுடைய வேகத்தினும் சிறிதே கூடியது. இருக்கைகள் முன்னோக்கி இல்லாமற் பக்கவாட்டில் அமைந்திருந்தன. ஏறியோர் தம் வேகத்தையன்று, காட்சியையே பார்க்கவேண்டும் என்பது அவர் கருத்து.

வேகத்தில் அவரை வெல்லப் பிறர் விரைவில் வந்தனர். தொம்சன் அவர்களோடு போட்டியிட்டு மேட்டை உயர்த்தவில்லை. 1887இல் அத்லாந்திக் நகரிலே அவர் அமைத்தது 'காட்சி இரயில்' எனப் பெயர் பெற்றது. வண்டி இருண்ட குகைக்குள் நுழையும். நுழைந்தவுடன் வண்டியே ஒரு விசையைத் தட்ட, விளக்குகள் எரிந்து, சுவரிலே தீட்டிய மலைகளும் நீர்நிலைகளும் அயல்நாட்டுக் காட்சிகளும் தோன்றும். அடுத்த கணம் மறுபடியும் இருள். மின்விளக்கே மக்களுக்குப் புதுமையாக இருந்த காலம் அது. வீழ்ச்சி சிறிது, வியப்புப் பெரிது. குடும்பத்தோர் கூடியேறும் ரோலர் கோஸ்டர்களுக்கெல்லாம் அந்தக் காட்சி இரயிலே முன்னோடி என்பது மிகையாகாது. உயரத்தைக் கூட்டாமல் மக்களைக் கவர முடியும் என்பதை அது மெய்ப்பித்தது. பாட்டியும் பேரனும் ஒரே இருக்கையில் அமரும் வழி அன்று திறந்தது.

இம்மரபின் எச்சங்கள் தமிழர் குடியேறி வாழும் நாடுகள் சிலவற்றில் இன்னும் உள. அவுஸ்திரேலியாவில், மெல்பேண் நகரத்துச் சென் கில்டாக் கடற்கரையிலே, 1912 டிசம்பரில் திறந்த லூனா பூங்காவின் காட்சி இரயில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஓடிவந்திருக்கிறது. வண்டியின் நடுவே ஒருவர் நின்று கையால் தடையை இயக்குவார். மேட்டின் உச்சியில் வண்டி திரும்பும்போது குடாக்கடல் முழுவதும் கண்முன் விரியும். அங்கே திரைச்சீலை எழுதவேண்டிய தேவையில்லை. தென்மார்க்கின் தலைநகரிலே, தீவொளிப் பூங்காவில் 1914 முதல் ஓடும் மரவண்டியும் இவ்வாறே தடையாளர் ஒருவரால் இயக்கப்படுவது. செயற்கை மலையொன்றினூடே புகுந்து புறப்படும் வண்டி அது.

1955இல் கலிபோர்னியாவில் திறந்த டிஸ்னிலாந்துப் பூங்காவிலே நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1959 ஜூன் மாதத்தில், சுவிற்சலாந்து நாட்டு மாட்டர்ஹோர்ன் சிகரத்தைப் போன்ற ஒரு மலை எழுந்தது. உண்மைச் சிகரத்தின் நூற்றில் ஒரு பங்கு உயரம், 147 அடி. அதனுள்ளே உருக்குக் குழாயாலாகிய தண்டவாளத்தில் வண்டிகள் ஓடின. மரப்பாதைக்குப் பதிலாகக் குழாய்ப்பாதை இட்டமை தொழில்நுட்பத்திற் பெரிய மாற்றமாகும். வளைவுகள் வழுவழுப்பாயின, ஓசை குறைந்தது. ஆனால் மலையின் வெளிப்புறமே மலை. உள்ளே சென்றோர் கண்டது பெரும்பாலும் சாரமும் சட்டமுமே. பத்தொன்பது ஆண்டுகள் அவ்வாறே கழிந்தன. 1978இல்தான் உள்ளே பனிக்குகைகளும், இமயமலைக் கதைகளிற் பேசப்படும் பனிமனிதனின் உருவமும் அமைக்கப்பெற்றன. சுவிற்சலாந்து மலைக்குள் இமயத்துப் பனிமனிதன் எப்படி வந்தான் என்று எவரும் கேட்கவில்லை. வெறுமையிலும் பொருந்தாக் கதை மேல் என்று மக்கள் எண்ணினர் போலும்.

அடுத்த ஆண்டே அதே பூங்காவிற் கோலமும் உடலும் பொருந்திய வண்டி ஒன்று வந்தது. தோனி பக்ஸ்டர் என்பவர் வகுத்த 'பெரிய இடிமலை இரயில்' 1979 செப்டெம்பரில் ஓடத் தொடங்கியது. தங்கம் தோண்டியோர் கைவிட்டுப்போன சுரங்கம், ஓட்டுநரின்றித் தானே ஓடும் இரயில், இவையே கதை. பாறைகள் யூட்டா மாநிலத்துப் பிரைஸ் பள்ளத்தாக்கின் செந்நிறத் தூண்களைப் பார்த்துச் செய்யப்பட்டன. பழைய சுரங்கங்களில் உண்மையாகவே பயன்பட்ட கருவிகளைத் தேடி வாங்கி வந்து வழியெங்கும் வைத்தனர். துருவேறிய சில்லும் ஆணியும் பொய்யல்ல. பொய்க் கதைக்கு மெய்ச் சாட்சிகள்! வேகம் அதிகமில்லை, தலைகீழாகச் சுழலும் வளையம் ஏதுமில்லை. எட்டு வயதுச் சிறுவனும் அவன் பாட்டனும் அஞ்சாமல் ஏறலாம். மோக் சங்க் மலையிலே கரிவண்டியாகப் பிறந்த விளையாட்டு, நூற்றைம்பது ஆண்டு சென்று, சுரங்க வண்டியின் கோலத்தையே பூண்டது. இக்கோலம் பிறர் ஆடையன்று, மூதாதையின் ஆடை. மக்கள் உள்ளத்தில் அது நிலைத்ததற்கு இதுவே காரணமெனத் தோன்றுகிறது.

திருக்கோணமலைக்குக் கோட்டையும் கதையும் விட்டுச்சென்ற ஒல்லாந்தரின் நாட்டிலும் இதனோடு ஒட்டிய செய்தி ஒன்றுண்டு. இன்று உலகெங்கும் குடும்ப ரோலர் கோஸ்டர்களை வார்த்தனுப்பும் வெகோமா என்னும் தொழிற்சாலை, 1926இல் உழவுக் கருவிகள் செய்வதற்காகத் தொடங்கப்பெற்றது. பின்னர் நிலக்கரிச் சுரங்கங்களுக்கு உருக்குச் சட்டங்கள் செய்தது. 1960களில் அந்நாட்டுச் சுரங்கங்கள் மூடப்படலாயின. தொழிலிழந்த பட்டறை குழாய் வளைக்கும் வேலைக்குத் திரும்பி, அக்கைத்திறன் கொண்டே களியாட்டத் தண்டவாளங்களுக்கு வந்து சேர்ந்தது. 1992இல் பாரிஸ் நகருக்கு அருகே திறந்த டிஸ்னிப் பூங்காவின் இடிமலை இரயிலைச் செய்தவர்களும் இவர்களே. உண்மைச் சுரங்கம் மூடியபின் பொய்ச் சுரங்கத்துக்குப் பாதை வார்த்தனர்! கொல்லனுக்கு இரண்டும் ஒரே இரும்புதான்.

அதே தொழிற்சாலை, ஒல்லாந்திலேயே எப்தலிங் என்னும் பூங்காவுக்காக 1998இற் செய்த வண்டி இலங்கை நேயர்களுக்குச் சிறப்பாக உவப்பளிக்கும். 1952 முதல் தேவதைக் கதைகளின் காடாக வளர்ந்த பூங்கா அது. வண்டியின் பெயர் 'றொக் பறவை'. ஆயிரத்தோரிரவுக் கதைகளில் வரும் மாலுமி சிந்துபாத்தைத் தூக்கிச்சென்ற பெரும் பறவையே அது. வாயிலின் மேலே அப்பறவை சிறகு விரித்து நிற்கும். அதன் அடியிற் புகுந்து செல்வோர் இருளுக்குள் நுழைவர். ஏறத்தாழ 700 மீட்டர் நீளமுள்ள பாதை முழுவதும் கட்டடத்தினுள் இருட்டிலேயே ஓடுகிறது. எவ்வளவு ஆழம் இறங்குகிறோம் என்பது கண்ணுக்குத் தெரியாது. பறவை நம்மைத் தூக்கிச் செல்கிறது என்ற எண்ணமே மனத்தில் நிற்கும். பள்ளத்தைக் கண்ணால் அளக்கமுடியாதபோது சிறு பள்ளமும் போதும். குழந்தைகளுக்குரிய வண்டியில் இருளைப் பயன்படுத்தும் சூக்குமம் இதுவே.

சிந்துபாத் தன் ஆறாம் பயணத்தில் வந்து சேர்ந்த நாடு சரந்தீபம், அதாவது இலங்கை. அதன் மலையையும் மணிகளையும் அரசனையும் அவன் வியந்து சொன்னதாகக் கதை கூறும். ஒல்லாந்து வண்டி அவ்வளவு தூரம் வருவதில்லை; பறவையோடு நின்றுவிடுகிறது. அரபு மாலுமியின் வழியாக ஐரோப்பாவுக்குச் சென்ற இவ்வாழியின் கதை அங்கே குழந்தைகளை ஏற்றிக்கொண்டு ஓட, இவ்வாழியின் கதைகளிலே பிறந்த பிள்ளைகள் தொலைவிலிருந்து கேட்கவேண்டியிருக்கிறது.

அண்மைக் காலத்திற் புதிய வண்டிகளுக்குக் கோலம் புனையும் முறை வேறு வழியிற் செல்கிறது. 2014இற் புளோரிடாவில் ஓடத் தொடங்கிய ஏழு குள்ளரின் சுரங்க வண்டியும், 2025 மே மாதத்தில் அங்கேயே திறந்த புதிய பூங்காவிற் பறவைநாகங்களின் கதையை உடுத்திய குடும்ப வண்டியும் திரைப்படங்களை மூலமாகக் கொண்டவை. வாயிலுக்கு வருமுன்னரே குழந்தை கதையை அறிந்திருக்கிறது. ஆதலாற் கதை சொல்லவேண்டிய பொறுப்பு இல்லை; நினைவூட்டினாற் போதும். வேலைப்பாடு வியக்கத்தக்கது. குள்ளரின் வண்டிகள் ஒவ்வொன்றும் தொட்டில்போல இருபக்கமும் ஆடத்தக்கவாறு அமைந்தவை. என்றாலும், படம் மறக்கப்படும் நாளில் அம்மலை என்னாகும் என்ற கேள்வி எழாமல் இல்லை. ஆடை இரவல், கொடுத்தவர் மறைந்தால் உடல் வெறுமையாகும்.

தமிழகத்திலே இம்முயற்சி நடைபெறாமலில்லை. இந்தியாவின் முதல் முப்பரிமாணத் திரைப்படத்தை எடுத்த நவோதயா அப்பச்சன், 1995இல் தாம்பரத்தை அடுத்துத் தொடங்கிய களியாட்டப் பூங்காவுக்குக் கிஷ்கிந்தா என்று பெயரிட்டார். தாவிக் குதித்து விளையாடும் இடத்துக்கு வானரர் நாட்டின் பெயரைக் காட்டிலும் பொருத்தமான பெயர் வேறென்ன உண்டு? அப்பெயரைக் கேட்ட பிள்ளைகளுக்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. முப்பது ஆண்டுகள் சென்று, 2025 டிசம்பரிற் சென்னைக்குத் தெற்கே திறந்த வொண்டர்லாப் பூங்காவின் பெரிய வண்டிக்குத் 'தஞ்சோரா' என்று பெயர் வைத்தனர். பாதைக்குக் கீழே கால்கள் தொங்க ஓடும் அவ்வண்டி குடும்ப வண்டியன்று, துணிந்தோருக்குரியது. ஆனாற் பெயர் தஞ்சையை நினைவூட்டுகிறது. கிஷ்கிந்தா கதையை அழைத்தது. தஞ்சோரா ஊரின் பெருமையை அழைக்கிறது. ஊரின் பெயர் தாங்கிய வண்டி ஊரின் கதையைச் சொல்கிறதா என்பது ஏறுவோர் கேட்கவேண்டிய வினா.

புராணக் கதையை விளையாட்டுக்கு எடுப்பது தகுமா என்று ஐயுறுவாரும் உண்டு. அவர் அச்சம் வீணன்று. ஆயினும் கிழக்கிலங்கையின் ஊர்களிலே வடமோடி, தென்மோடிக் கூத்துக்களிற் புராணத்து வேந்தர் அனைவரும் ஆடியே வந்திருக்கின்றனர். கொலுவரவுக்கு மத்தளம் முழங்க, கரப்புடுப்பும் முடியும் தரித்து, பகலில் வயலில் நின்ற உழவனே இரவில் வேந்தனானான். எவரும் அதனை இழிவென்று கருதவில்லை. ஆடியவனும் பார்த்தவனும் கதையை முழுவதும் அறிந்திருந்தனர் என்பதே அதற்குக் காரணம். பழி வருவது விளையாட்டினால் அன்று. கதையை அறியாதவன் அதன் தோலை மட்டும் உரித்துப் போர்த்திக்கொள்ளும்போது வருவது.

சுவாமி மலையே இதற்குச் சான்று. 1620களிற் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா கோணேசர் கோயிலை இடித்து, அக்கற்களைக்கொண்டு கோட்டை கட்டினான். தூணும் மண்டபமும் கடலுக்குள்ளும் கோட்டைச் சுவருக்குள்ளும் போயின. அதன்பின் முந்நூறாண்டுகளுக்கு மேல் அம்முகட்டிற் பழைய கோயில் இல்லை. மக்கள் வருவது நிற்கவில்லை. பாறையின் விளிம்பில் நின்று பூசகர் கடலை நோக்கி வழிபாடு செய்ததையும், மலரும் பழமும் அலையில் இட்டதையும் 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் எழுதிவைத்துள்ளனர். 1950இல் நிலத்தைத் தோண்டியபோது செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. 1956இல் ஆதர் சி. கிளாக்கும் மைக் வில்சனும் கடலடியிற் செதுக்கிய கற்கள் கிடப்பதைக் கண்டனர். 1963இற் புதிய கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. காட்சிச் சாலையும் தூணும் ஓவியமும் எல்லாம் அழிந்த பின்னும், 'இராவணன் வெட்டு' என்று சொல்ல ஒரு பாட்டி இருந்தவரை, அப்பள்ளம் வெறும் பள்ளமாக இருக்கவில்லை. மாட்டர்ஹோர்ன் பொம்மைமலையின் நிலை இதற்கு நேர்மாறு. அங்கே கோலம் இருந்தது, உள்ளே சொல்வதற்குத்தான் ஏதுமில்லை.

என்றேனும் கீழ்க்கரையில் ஒரு சிறு மலைவண்டி எழுமாயின், அதனை அமைப்போர் இராவணனின் பத்துத் தலையை அட்டையில் வெட்டி வாயிலில் நிறுத்த விரைவர் என்பதில் ஐயமில்லை. அது எளிது. திருக்கோணமலைக் கதையின் உயிர் தலைகளில் இல்லை. படுத்த படுக்கையாகிய தாய் ஒருத்தி. அவளாற் கோயிலுக்கு வர இயலாது. ஆகவே கோயிலையே அவளிடம் கொண்டுபோகத் துணிந்த மகன் ஒருவன். குடும்பமாக ஏறும் வண்டிக்கு இதனிலும் ஏற்ற கதை பிறநாட்டார் எவரிடமும் இருப்பதாகத் தெரியவில்லை. ஏறும்போது மலையைப் பெயர்ப்பவனுடைய வலிமை, உச்சியில் வாள்வீச்சு, பிளவினூடே வீழ்ச்சி. இவ்வளவும் பாறையிலேயே எழுதியிருக்கிறது.

கதையின் முடிவும் அவ்வூரிலேயே இருக்கிறது. மகன் மலையோடு போராடும் வேளையில், திருமால் முதியவர் வேடத்தில் வந்து, உன் தாய் இறந்துவிட்டாள் என்று கூறினாராம். ஈமக்கடன் செய்ய நீர் வேண்டி இராவணன் வாளால் ஏழு இடங்களிற் குத்த, ஏழிலும் வெந்நீர் பொங்கியதாம். நகரத்துக்கு மேற்கே சில மைல் தொலைவிலுள்ள கன்னியாவில் அச்சதுரக் கிணறுகள் ஏழும் அருகருகே இருக்கின்றன. நீர் ஒன்றுக்கொன்று சூட்டிற் சிறிது வேறுபடும். சுவாமி மலையிலிருந்து திரும்பும் குடும்பங்கள் அங்கே வண்டியை நிறுத்தி, வாளியால் மொண்டு, முதலிற் குழந்தையின் காலில் ஊற்றிச் சூடு பார்த்து, பின்பு தலைக்கு வார்க்கின்றன.